ஈரச் சாக்குகளை அவிழ்த்த மத்தியானம்

மின்சாரம் போனதை எங்கள் ஊரில் யாரும் விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. பல்லடத்திலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் அந்த ஊரில் விசைத்தறிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. பிறந்தது முதல் கேட்டுக்கொண்டிருப்பதால் அந்தச் சத்தம் இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருக்கும். அது சட்டென்று நிற்கும்போது, பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். கத்தரி வெயிலில் ஒருநாள் நண்பகலில் அப்படி நின்றபோது நான் நிமிர்ந்து பார்க்கவில்லை, ஓடினேன். அன்று என் பொறுப்பில் மூவாயிரம் கோழிகள் இருந்தன.

கொட்டகை அம்மாவுடையது. நிலத்து வேலை அப்பாவைச் சேர்ந்தது, கோழி அம்மாவைச் சேர்ந்தது என்பது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஏற்பாடு. கறிக்கோழி வளர்ப்பு எங்கள் பக்கத்தில் ஒப்பந்த முறையில் நடப்பது. நிறுவனம் ஒருநாள் வயதுக் குஞ்சுகளையும் தீனியையும் கொண்டுவந்து இறக்கும். நாற்பது நாள்வரை வளர்த்துக் கொடுத்தால் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். இந்த ஒரு சுற்றைத்தான் ‘பேட்ச்’ என்பார்கள். முந்தைய பேட்சில் நோய் வந்து நிறையக் கோழிகள் செத்திருந்தன. நிறுவனத்தின் மேற்பார்வையாளர் அம்மாவிடம் மரியாதையாகவே சொல்லியிருந்தார்: “இந்தத் தடவையும் சாவு ஜாஸ்தியாச்சுன்னா, அடுத்த குஞ்சு எறக்கறதுக்கு நான் எழுத முடியாதுங்கம்மா. நீங்க தப்பா நெனச்சுக்கக் கூடாதுங்க.”

பதினோரு ஆண்டுகளாக அம்மாவின் விடியலும் அந்தியும் அந்தக் கொட்டகையை வைத்தே அமைந்திருந்தன. திருமணங்களுக்குப் போனாலும் தீனி நேரத்துக்குத் திரும்பிவிடுவார். அது காலியாகக் கிடந்தால் அம்மா என்ன செய்வார் என்பதை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. ஆனால், அது காலியாக வேண்டும் என்று நானே சில வேளைகளில் விரும்பியிருக்கிறேன் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

நான் வேதியியலில் முதுகலை முடித்துவிட்டுக் கோவையில் ஒரு தன்னார்வ அமைப்பில் வேலை செய்கிறேன். கிராமங்களின் கிணற்று நீரைச் சோதித்து, அதில் என்ன கலந்திருக்கிறது என்று ஊராருக்கு எடுத்துச் சொல்வது என் பணி. எந்தக் காரியத்தையும் அதன் விளைவு யாரைப் போய்ச் சேர்கிறது என்று கேட்டுப் பழகிவிட்ட என்னால், பெற்ற தாயின் கொட்டகையை மட்டும் கேட்காமல் விட முடியவில்லை. சந்துக்கு எதிர்ப்புறம் தறி ஓட்டுபவர்களின் வரிசை வீடுகள். மழைக்காலத்தில் எங்கள் கொட்டகையின் தரை ஈரமானால் நாற்றமும் ஈயும் அவர்கள் சோற்றுத் தட்டுவரை போகும். இரண்டு மாதங்களுக்கு முன் அந்த வரிசையில் குடியிருக்கும் தறிக்கார அக்கா ஒருவர், பஞ்சாயத்துக்கு ஒரு மனு எழுதித் தரும்படி என்னிடமே வந்து கேட்டார். நியாயமான மனு, ஆகவே எழுதிக் கொடுத்தேன். கொடுக்கும் முன் அம்மாவிடம் காட்டினேன். அம்மா முழுவதும் படித்துவிட்டு, “எழுத்து நல்லாத்தான் இருக்குது. ‘சகிக்க முடியாத’ன்னு ரெண்டு எடத்துல வருது, ஒண்ண எடுத்துப்போடு கண்ணு” என்றார். அக்கா அதைக் கையெழுத்துக்காக வீடு வீடாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் அப்பாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அம்மா உடன் போக வேண்டும், மருத்துவமனை கோவையில். கோழிகளுக்கு அன்று முப்பத்தாறாவது நாள், இன்னும் இரண்டு நாளில் லாரி வரும். ஒவ்வொன்றும் இரண்டு கிலோவைத் தாண்டிவிட்ட பருவம். வெயிலுக்கு மிக எளிதாகச் சாகும் பருவமும் அதுதான். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன்.

விடியற்காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அம்மா ஒன்றைத்தான் இரண்டு முறை சொன்னார். “ஒம்பதரைக்குத் தீனித் தட்டையெல்லாம் மேல தூக்கிக் கட்டிப்போடு. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் எறக்கக் கூடாது. என்ன கத்துனாலுஞ் சரி.”

“பசிக்காதாங்கம்மா?”

“பசிச்சாச் சாகாது சாமி.”

தீனித் தட்டுகள் கயிற்றில் தொங்குபவை. ஒரு கப்பியை இழுத்தால் வரிசை முழுவதும் கோழிகளுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். எங்கள் பக்கத்துப் பண்ணைகள் எல்லாவற்றிலும் கோடையில் இது வழக்கம். ஏன் என்று நான் என்றும் கேட்டதில்லை. தீனியை மிச்சம் பிடிக்கும் தந்திரம் என்று எனக்குள்ளேயே முடிவுகட்டி வைத்திருந்தேன். ஒன்பதரைக்குச் சொன்னபடி தூக்கிக் கட்டினேன். பத்தரைக்குப் போய்ப் பார்த்தபோது கோழிகள் எல்லாம் தட்டுகளுக்கு நேர் கீழே கூட்டமாக நின்று, கழுத்தை நீட்டி மேலே பார்த்துக்கொண்டிருந்தன. மூவாயிரம் கழுத்துகள். நாற்பது நாள் மட்டுமே வாழப்போகிற உயிர்களை அந்த நாற்பதிலும் பட்டினி போடுவதா என்று தோன்றியது. நன்றாக எடைபோட்டுத்தான் முடிவு செய்தேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. வயிறு நிறைந்த பிராணிதான் வெயிலைத் தாங்கும் என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன். கயிற்றை அவிழ்த்துத் தட்டுகளை இறக்கி, ஒரு மூட்டை தீனியையும் கொட்டினேன். அவை தின்னும் ஓசை, தகரத்தின் மேல் தூறல் விழுவதுபோல் இருந்தது. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது.

நண்பகலில் தறிகள் நின்றன.

ஊர் எல்லையில் மின்மாற்றி எரிந்துவிட்டது என்றும், மாற்ற மாலையாகும் என்றும் செய்தி வந்தது. கொட்டகைக்குள் மூன்று பெரிய மின்விசிறிகளும், பனிபோல நீர் தெளிக்கும் மெல்லிய குழாய்களும் இருந்தன. எல்லாம் ஒரே நொடியில் நின்றுவிட்டன. எங்களுடையது சிறிய கொட்டகை, ஜெனரேட்டர் கிடையாது. மேல்தொட்டியில் இருந்த நீர் மட்டுமே குழாய் வழியே இறங்கிக்கொண்டிருந்தது.

நான் பதறவில்லை. பதறாததற்குக் காரணம் என் படிப்பு. நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை நான் மண்பானையை வைத்து எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். கொட்டகையின் நீளவாட்டில் இருபுறமும் கம்பிவலைதான், சுவர் கிடையாது. வலையின் மேல் மடித்துக் கட்டியிருந்த சணல் சாக்குப் படுதாக்களை இருபுறமும் கீழே இறக்கினேன். வெயிலும் அனலும் எந்த இடுக்கிலும் நுழையாதபடி அடிவரை இழுத்துக் கட்டினேன். வாளி வாளியாக மொண்டு சாக்குகளை நனைத்தேன். அதோடு நிற்காமல், தரையில் பரப்பியிருந்த தென்னை நார்த்தூளின்மேலும் நீரைத் தெளித்தேன். அது கிணத்துக்கடவுப் பக்கத்திலிருந்து வண்டியில் வருவது, நீரைப் பஞ்சைப்போல உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணிக்கு வெப்பமானியைப் பார்த்தேன். வெளியில் இருந்ததைவிட உள்ளே மூன்று பாகை குறைவு. படித்தது வீண்போகவில்லை என்று எண்ணிக்கொண்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தேன்.

இரண்டு மணிக்கு உள்ளே போனபோது கொட்டகையில் கூவலோ கொத்தலோ இல்லை. மூவாயிரம் அலகுகள் திறந்திருந்தன. தொண்டைத் தோல் படபடவென்று அடித்துக்கொள்ள, இறக்கைகளை உடம்பிலிருந்து விலக்கி வைத்து, எல்லாம் தரையோடு தரையாகக் கிடந்தன. என் காலடியிலேயே ஒன்று மல்லாந்து விழுந்து, இரண்டு முறை உதைத்து, அடங்கியது. சற்றுத் தள்ளி இன்னும் ஏழெட்டு அதற்கு முன்பே அடங்கியிருந்தன. வெப்பமானியைப் பார்த்தேன். அதே மூன்று பாகை குறைவு.

அப்போது தொலைபேசி ஒலித்தது. அம்மா.

“அப்பாவ உள்ள கூட்டீட்டுப் போயிருக்காங்க கண்ணு. அங்க கரண்டு இருக்குதா?”

“இப்பத்தான் போச்சுங்கம்மா. வந்துரும்னாங்க.”

“தீனிய தூக்கீட்டயா?”

“தூக்கிட்டேனுங்கம்மா. ஒம்பதரைக்கே.”

“அப்பச் செரி. அப்ப ஒண்ணும் பயமில்ல” என்று அம்மா வைத்துவிட்டார்.

ஒன்பதரைக்குத் தூக்கியது உண்மை. பத்தரைக்கு இறக்கியதையும், மின்சாரம் போய் இரண்டு மணி நேரமானதையும் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவை அறுவை அரங்கிலேயே விட்டுவிட்டு அம்மா பஸ் ஏறிவிடுவார் என்பது ஒரு காரணம். வெட்கம் இன்னொரு காரணம். எது பெரியது என்று அப்போது பிரித்துப் பார்க்க நேரமில்லை. ஆனால் அம்மாவின் குரலில் இருந்த அந்த ஆறுதல் என்னை உலுக்கிவிட்டது. தீனி தூக்கப்பட்டிருந்தால் பயமில்லை என்றால், தூக்கப்படாமல் இருந்தால்?

விடை எனக்குத் தெரிந்த ஒன்றுதான். தின்ற தீனி உடம்பில் செரிப்பது வெப்பத்தை வெளிவிடும் வினை. அடுப்பில் விறகு செய்வதைச் செரிமானம் நெருப்பில்லாமல் செய்கிறது. அந்தச் சூடு தின்ற உடனே ஏறுவதில்லை, சில மணி நேரம் கழித்து உச்சத்துக்கு வரும். பத்தரைக்கு நான் இரக்கப்பட்டுக் கொட்டிய தீனி, நாளின் மிகக் கொடிய இரண்டு மணிக்கு மூவாயிரம் வயிறுகளுக்குள் எரிந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் பத்து மணிக்கு முன்பே தட்டுகளைத் தூக்கிக் கட்டுவதன் காரணம் இதுதான். நான் அதைக் கஞ்சத்தனம் என்று எண்ணியிருந்தேன்.

தட்டுகளைத் தூக்கினேன். உள்ளே போன தீனியை இனி எடுக்க முடியாது. அந்தச் சூட்டை வெளியேற்றுவது ஒன்றே வழி. ஆனால் வெப்பநிலை குறைவாக இருக்கும்போதே கோழிகள் ஏன் சாகின்றன என்பது விளங்காமல், வாளியை எடுத்து மறுபடியும் சாக்குகளை நனைக்கப் போனேன்.

“மனு எழுதுன கை இப்பத் தண்ணி மொள்ளுதாக்கும்” என்று சந்தில் ஒரு குரல். தறிக்கார அக்காதான். தறி நின்றுவிட்டதால் கை ஓய்ந்து, உடன் வேலை செய்யும் நான்கு பெண்களோடு வேப்பமர நிழலுக்கு வந்திருந்தார்.

“கோழி சாகுதுங்கக்கா” என்றேன்.

அவர் முகம் மாறியது. “அம்மா எங்கீங்க?”

“கோயமுத்தூருக்கு. அப்பாவுக்குக் கண்ணு ஆபரேஷன்.”

அக்கா வேப்பமரத்தடிக்குத் திரும்பினார். பெண்களைப் பார்த்து, “வாங்கடி, ஆளுக்கொரு வாளி எடுங்க” என்றார். ஐந்து பேரும் உள்ளே நுழைந்தார்கள். நுழைந்ததும் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். “ஏனுங்க அம்மணி, வெளியில வெயிலு காச்சுது, ஆனா வேர்வ தெரியல. இங்க ஊத்தா ஊத்துது. இட்டிலிக் குண்டானுக்குள்ள நொழைஞ்சாப்ல இருக்குதுங்க.”

நான் என் துப்பட்டாவைத் தொட்டுப் பார்த்தேன். நண்பகலில் நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டது. மரத்தடியில் சாப்பிட்டு முடிப்பதற்குள் மொடமொடவென்று காய்ந்துபோனதும், உள்ளே வந்த இந்தச் சிறிது நேரத்தில் வியர்வையில் நனைந்து காயாமல் ஒட்டிக்கிடப்பதும் ஒருங்கே புரிந்தன. ஆவி எழுந்தால் மட்டும் போதாது, அது வெளியேறவும் வேண்டும். காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்துவிட்டால் மேற்கொண்டு எதுவும் ஆவியாகாது. மனிதருக்கு வியர்வை உண்டு, கோழிக்கு அதுவும் இல்லை. அது வாயைத் திறந்து மூச்சின் வழியே ஈரத்தை விட்டுத்தான் தன் சூட்டை இறக்க வேண்டும். அந்த ஈரம் போக இடமில்லாதபடி சாக்குகளை அடிவரை இழுத்துக் கட்டியிருந்தது நான். வெப்பமானி பொய் சொல்லவில்லை. அது பாதியை மட்டும் சொன்னது, நான் பாதியை மட்டும் கேட்டேன்.

“அக்கா, சாக்க நனைக்க வேண்டாம். அவுத்துருங்க. ரெண்டு பக்கமும்.”

அவர் வாளியோடு நின்றுவிட்டார். “அவுக்கறதுங்களா? அனலாட்டம் அடிக்குதுங்க வெளியில. தொறந்தா வெந்துபோயிருமுங்க.”

அவர் சொன்னது நியாயமாகவே தோன்றியது. திறந்தால் மூன்று பாகை உடனே ஏறும், அது உறுதி. வறண்ட காற்று ஈரத்தை வாரிக்கொண்டு போகும், அதுவும் உறுதி. எது முந்தும் என்பதுதான் கேள்வி. காலையில் ஒரு முடிவை இதே போல எடைபோட்டு எடுத்தவள் நான், அந்தத் தராசின்மேல் எனக்கே நம்பிக்கை போயிருந்தது. அம்மாவைக் கேட்கலாம் என்றால், கேட்பதற்கு முன் பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டுவிடலாம் என்றே துணிந்து அழைத்தேன். அழைப்பு போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அதற்குள் இன்னொரு கோழி மல்லாந்தது.

“அவுத்துருங்கக்கா” என்றேன். “நான் சொல்றேன். தப்பானா என்ற மேல.”

“தப்பு உங்க மேல இருந்து என்னுங்க பண்றது, சாகறது கோழிதானுங்களே” என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் முதல் முடிச்சை அவிழ்த்தார்.

தென்புறச் சாக்குகளையும் வடபுறச் சாக்குகளையும் மேலே சுருட்டினோம். முகத்தில் அறைவதுபோல அனல் வந்தது. பிறகு செய்ய வேண்டியதைச் செய்தோம். கிடக்கும் கோழியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே சூடு தேங்கிவிடும். ஆகவே பெண்கள் வரிசையாக, காலைத் தேய்த்து மெதுவாக நடந்து, ஒவ்வொன்றையும் எழுந்து நிற்கவைத்தார்கள். விரட்டினால் அந்தப் பதற்றமே கொன்றுவிடும். “மெல்ல, மெல்ல, மாப்பிள்ள ஊடு பாக்கப் போறாப்ல நடங்கடி” என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார்.

கோழிகளின் தலையையும் தாடியையும் நேராக நனைத்து, அந்த ஈரத்தை ஓடும் காற்றில் காயவிட வேண்டும். ஒரு பெண் தன் வீட்டிலிருந்து, தோளில் மாட்டும் தெளிப்பானைக் கொண்டுவந்தார். அதில் முன்பு என்ன அடித்தீர்கள் என்று கேட்டேன். களைக்கொல்லி என்றார். கழுவிவிட்டதாகவும் சொன்னார். இருந்தும் வேண்டாம் என்றேன். இந்தக் கோழி இரண்டு நாளில் யாரோ ஒருவர் வீட்டுக் குழம்பாகப் போகிறது. இப்போது பிழைக்கவைக்கும் அவசரத்தில், நாளை முகம் தெரியாத ஒரு குழந்தைக்கு அந்த நஞ்சைக் கொண்டுசேர்க்கக் கூடாது. “சோதன பண்ற புத்தி போகாதுங்களே” என்று அக்கா சலித்துக்கொண்டார். பிறகு அவரே வழியும் கண்டுபிடித்தார். காலித் தண்ணீர் பாட்டில்களின் மூடிகளில் தறி ஊசியால் துளை போட்டு, ஆளுக்கு இரண்டாக நீட்டினார். அழுத்தினால் பூவாளி மாதிரித் தூவியது.

மூன்று மணி முதல் நான்கு மணிவரை ஆறு பேரும் அப்படியே நடந்தோம். நனைத்தோம், எழுப்பினோம், திரும்பி நடந்தோம். வெப்பமானி வெளி வெயிலைத் தொட்டுவிட்டிருந்தது. அதை நான் பார்ப்பதை நிறுத்திவிட்டு, கோழிகளின் தொண்டையைப் பார்த்தேன். முதலில் சாவு நிற்கவில்லை. பிறகு, எப்போது என்று சொல்ல முடியாத ஒரு கட்டத்தில், புதிதாக எதுவும் விழுவது நின்றிருந்தது. வடபுற வலையோரம் நின்ற ஒரு கோழி அலகை மூடியது. அதை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடி திறந்தது, மறுபடி மூடியது.

நாலரை மணிக்குக் காற்று வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல, ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். அந்தப் பருவத்தில் பிற்பகலில் அது வருவதும் உண்டு, வராமல் ஏய்ப்பதும் உண்டு. அன்று தென்மேற்கிலிருந்து வந்து, கொட்டகையின் ஒரு புறம் நுழைந்து மறுபுறம் போனது. நனைந்த இறகுகள் வழியே அது போனதைக் கண்ணால் காண முடிந்தது. கோழிகள் ஒன்றொன்றாக உடம்பைச் சிலிர்த்துக்கொண்டன. சாக்குகளைக் கட்டியே வைத்திருந்தால் இந்தக் காற்றும் வெளியிலேயே நின்றிருக்கும்.

நார்த்தூள் மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மிச்சமிருந்த பாட்டில் நீரை என் உச்சந்தலையில் தூவினார்.

“உங்களுக்கும் அலகு தொறந்துதான் இருக்குதுங்க அம்மணி.”

பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது.

“அந்த மனுவ என்னுங்கக்கா பண்ணுனீங்க?” என்று கேட்டேன்.

“அது அப்பிடியே இருக்குதுங்க. இன்னும் மூணு கையெழுத்துப் பாக்கி. அது வேற, இது வேற” என்றார். பிறகு தரையைக் காலால் கிளறிப் பார்த்தார். “இத்தன தண்ணிய ஊத்தி வெச்சிருக்கறீங்க. நாளைக்கு ஈ சும்மா விடுமுங்களா?”

“லாரி ஏத்தீட்டுப் போனவொடனே அள்ளிப்போடறேனுங்கக்கா.”

“பாக்கலாமுங்க” என்று எழுந்தார். தறிகள் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டதும் ஐவரும் போய்விட்டார்கள். விசிறிகள் சுழன்றன. செத்தவற்றைப் பொறுக்கிக் கணக்கெடுத்தேன், இருபத்தொன்று. மூவாயிரத்தில் இருபத்தொன்று.

அம்மாவும் அப்பாவும் ஏழு மணிக்கு வந்தார்கள். அப்பா ஒரு கண்ணில் பச்சைத் துணி கட்டியிருந்தார். அவரைக் கட்டிலில் சாய்த்துவிட்டு அம்மா நேரே கொட்டகைக்குப் போனார். பின்னாலேயே போனேன். அம்மா கோழிகளைப் பார்த்தார், ஈரத் தரையைப் பார்த்தார், கடைசியாகத் தீனி மூட்டைகளைப் பார்த்தார். நான் சொல்லத் தொடங்கினேன். ஒன்பதரை, பத்தரை, தொலைபேசிப் பொய், சாக்கு, தறிக்கார அக்கா வந்தது, எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொல்லி முடித்தேன்.

“ஒரு மூட்ட கொறையுதுன்னு பாத்தவொடனே தெரிஞ்சுது” என்றார் அம்மா. “நீ போன்ல நெசத்தச் சொல்லியிருந்தீன்னா நான் பஸ் ஏறியிருப்பேன். ரெண்டு மணிக்கு ஏறுனா நாலு மணி. நான் வந்து எறங்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். அங்க உங்கப்பன் ஒத்தக் கண்ணோட தேடீட்டு நின்னிருப்பாரு.” அவர் என்னை மன்னிக்கிறாரா, நடந்ததை வரிசைப்படுத்திப் பார்க்கிறாரா என்று விளங்கவில்லை. “ஆனா இன்னொருக்கா அப்பிடிச் சொல்லாத. தூக்கலீன்னாத் தூக்கலீன்னு சொல்லு.”

“சரிங்கம்மா.”

“சாக்க அவுக்கச் சொன்னது ஆரு? அவளா?”

“நாந்தானுங்க.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். “பரவால்ல. படிக்க வெச்சது பாதிக்காச்சும் ஆச்சு.”

மறுநாள் காலையில் மேற்பார்வையாளர் வந்தார். அவரிடம் எதையும் மறைப்பதில்லை என்று இரவே முடிவு செய்திருந்தேன். சொன்னால் அடுத்த குஞ்சு வராமல் போகலாம். சொல்லாவிட்டால் ஈரத் தரையே அவரிடம் சொல்லிவிடும். தீனி இறக்கியது என் தவறு, அம்மாவுடையது அல்ல என்று தொடங்கினேன். அவர், செத்தவற்றைப் போட்டிருந்த குழிக்கருகே நின்று எண்ணிப் பார்த்தார்.

“இருபத்தொண்ணுதானுங்களா?”

“ஆமாங்க.”

“நேத்துக் கரண்டு போனதுல இந்த வட்டாரத்துல நான் பாத்த மத்த கொட்டாயெல்லாம்...” என்று சொல்லத் தொடங்கி, முடிக்காமல் தலையை அசைத்தார். பையிலிருந்து சீட்டை எடுத்து எழுதினார். “லாரி நாளைக்கு வந்துருமுங்க. கொட்டாயக் கழுவி, சுண்ணாம்பு அடிச்சு, காயப்போடுங்க. குஞ்சுக்கு எழுதிப்போடறேன்.” பிறகு என்னைப் பார்த்து, “தீனி எறக்குனத நான் எழுதலீங்க. அதுக்குன்னு இதுல கட்டம் இல்ல” என்றார்.

அம்மா முந்தானையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பதினோரு ஆண்டுகளில் அவர் அவ்வளவு நீளமாக மூச்சுவிட்டு நான் கேட்டதில்லை.

செத்தவற்றைக் குழியில் இட்டு மேலே சுட்ட சுண்ணாம்பைக் கொட்டி நீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். நீர் பட்டதும் சுண்ணாம்பு சீறி, கொதித்து, ஆவி விட்டது. குனிந்து நிற்க முடியாத சூடு. அதை நான் விலகி நின்று பார்த்தேன். பிறகு ஈர நார்த்தூளை அள்ளும் வேலை. லாரி கோழிகளை ஏற்றிப்போனதும் மூன்று நாள் அள்ளினேன். எருக்குழியில் குவித்து, ஈ மொய்க்காதபடி காய்ந்த தூளால் மூடி, மேலே தார்ப்பாய் போட்டேன். ஒரு வாரம் கழித்துத் தார்ப்பாயை விலக்கிக் கையை விட்டுப் பார்த்தபோது குவியலின் உள்ளே கை பொறுக்காத சூடு. தானாகவே வெந்துகொண்டிருந்தது. அந்தச் சூட்டில் ஈயின் முட்டை எதுவும் மிஞ்சாது. தறிக்கார அக்காவை அழைத்துக் காட்டினேன். அவரும் கையை விட்டுப் பார்த்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

மனு பஞ்சாயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. விசாரிக்க வந்தவரிடம் அம்மா, இனிமேல் எரு திறந்து கிடக்காது, குழியில் மூடித்தான் வைப்போம் என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தையும் நான்தான் எழுதினேன். அதில் எந்தச் சொல்லும் இரண்டு முறை வராமல் பார்த்துக்கொண்டேன்.

குஞ்சுகள் வந்த அன்று நான் மறுபடியும் விடுப்பு எடுத்திருந்தேன். மழை பெய்து காற்று குளிர்ந்திருந்தது. அதே கொட்டகையில், அதே வெப்பமானியின் கீழ், இம்முறை சூடு போதாது என்று அம்மா பதறிக்கொண்டிருந்தார். ஒருநாள் குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாது. தகரத் தடுப்புக்குள் குண்டு பல்புகளைத் தாழ்த்திக் கட்டி, சாக்குகளை இருபுறமும் இறக்கிவிட்டோம். பெட்டியிலிருந்து கொட்டியதும் மஞ்சள் உருண்டைகள் சிறிது நேரம் திகைத்து நின்று, பிறகு பல்புக்கு அடியில் ஒழுங்காகப் பரவிப் படுத்தன. நெருக்கியடித்துக்கொண்டால் குளிர்கிறது, விலகி ஓடினால் சுடுகிறது, இப்படிப் பரவினால் சரியாக இருக்கிறது என்று பொருள்.

நான் சாக்கின் அடிப்பகுதியைக் கட்டப் போனேன். அம்மா தடுக்கவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தார். அடியைக் கட்டிவிட்டு, ஈரம் வெளியேற மேல்விளிம்பில் ஒரு சாண் இடைவெளி விட்டேன். அதன் வழியே தறிச் சத்தம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

“செரி” என்றார் அம்மா. “தீனிய எறக்கு. இதுகளுக்கு இப்ப நெம்பப் பசிக்கும்.”